யூரின் நாத்தம் அடிச்சா கிட்னி போச்சா?

போன ஏப்ரல் மாசம், ஸ்டடி ஹாலிடேஸ். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்ரூம் போயிட்டு வந்த என் ரூம்மேட் கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிஷமா போனையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான். ஏதோ லவ் மேட்டர்னு நினைச்சு நானும் கண்டுக்கல. அப்புறம் மெதுவா கேட்டான்:

"மச்சி, உங்க மாமாவுக்கு கிட்னி ஃபெயிலியர்னு சொன்னேல்ல... அவருக்கு ஆரம்பத்துல யூரின் நாத்தம் அடிச்சுதாடா?"

விஷயம் என்னன்னா, மூணு நாளா அவனுக்கு யூரின் அடர் மஞ்சளா, மூக்கில் ஏறுற மாதிரி நெடியோட போயிருக்கு. நெட்டில் தேடியிருக்கான். முதல் வீடியோவே 'இந்த வாசனை வந்தால் உங்கள் கிட்னி அழுகுகிறது'ன்னு தலைப்பு. ரெண்டாவது வீடியோவில் ஒருத்தர் பொடி விக்கிறார். அதுக்குள்ள இவன் மனசுக்குள்ள டயாலிசிஸ் பெட்டில் படுத்துட்டான்.

அவன் கேள்விக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போனப்போ மாமாகிட்டயே கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதைப் பத்தி ஒழுங்கா படிக்கணும்னு தோணுச்சு. கிட்னிக்கும் நாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்னு நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுறேன். கூச்சப்படாம படிங்க. எல்லாரும் தினமும் போறதுதானே!

முதல்ல, வாசனை எங்கிருந்து வருது?

சிறுநீரில் சுமார் 95 சதவீதம் வெறும் தண்ணீர். மீதி யூரியா, உப்புகள், கிரியேட்டினின், யூரிக் அமிலம், இன்னும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பொருட்கள். இதில் அதிகம் இருக்கிற யூரியாவுக்குப் பெருசா வாசனை கிடையாது. உடம்பை விட்டு வெளியே வந்த சிறுநீரில் பாக்டீரியா சேர்ந்து, யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கிற அந்த நெடி கிளம்பும். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் அடிக்கிறது அந்த அம்மோனியாதான். தண்ணி ஊத்தாத நம்ம ஹாஸ்டல் பாத்ரூமும் அப்படித்தான். ஆக முதல் பாடம்: பாத்ரூமில் நாத்தம் அடிச்சா, அது உங்களுடையதா பாத்ரூமுடையதான்னு முதல்ல பாருங்க.

இப்போ கிட்னியின் வேலையைப் பார்ப்போம். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது குட்டிக் குட்டி வடிகட்டிகள் இருக்கு. ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுற திரவம் சுமார் 180 லிட்டர். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேனில் ஒன்பது கேன்! ஆனா நாம வெளியேத்துறது ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். மீதி 99 சதவீதத்தையும் கிட்னி திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிடும். நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷின் இந்தக் கணக்கைப் பார்த்தா வெட்கப்படும்.

எவ்வளவு தண்ணியைத் திருப்பி அனுப்பணும்னு முடிவு பண்றதுக்கு ஒரு கன்ட்ரோல் சிஸ்டம் இருக்கு. ஃபீட்பேக் லூப் படிச்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற இடத்திலுள்ள சென்சார் அதைக் கண்டுபிடிச்சுடும். உடனே ஏ.டி.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் வரும். அது கிட்னிக்குப் போய், 'தண்ணியை வெளியே விடாதே'ன்னு சொல்லும். நெஃப்ரானின் கடைசிக் குழாயில் அக்குவாபோரின் என்ற தண்ணீர் வாசல்கள் திறந்து, தண்ணி மறுபடியும் உடம்புக்குள்ளேயே போயிடும். (இந்த வாசல்களைக் கண்டுபிடிச்சதுக்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.)

தண்ணி குறைஞ்சாலும் கழிவு குறையாது. அதே அளவு கழிவு கொஞ்சத் தண்ணியில் கரைஞ்சு வரணும். ஆரோக்கியமான கிட்னியால் சிறுநீரை ரத்தத்தை விட நாலு மடங்கு வரைக்கும் அடர்த்தியாக்க முடியும். ஒரு நாள் கழிவு முழுசையும் சுமார் அரை லிட்டரில் அடைச்சு அனுப்புற அளவுக்குத் திறமை. அப்படி அடைச்சு அனுப்பும்போது நிறம் அடர்த்தியாகும், வாசனையும் தூக்கலா வரும்.

என் ரூம்மேட் கதைக்கு வருவோம். ஏப்ரல் வெயில். நாள் முழுக்க ஃபேன் காற்றில் வேர்த்துக்கிட்டே படிப்பு, நாலு டீ, ராத்திரி பரோட்டா. தண்ணி? மெஸ்ஸில் குடிச்ச ரெண்டு டம்ளர். காலேஜ் ஹெல்த் சென்டரில் டாக்டர் இந்தக் கணக்கைக் கேட்டுட்டு, ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுச் சிரிச்சார். "உன் கிட்னி சூப்பரா வேலை செய்யுதுப்பா. நீதான் அதுக்குத் தண்ணி தரல."

யோசிச்சுப் பாருங்க. அவன் பயந்த அந்த நாற்றம் கிட்னி நல்லா இருக்குங்கிறதுக்கு அத்தாட்சி. காலையில் எழுந்ததும் போற முதல் யூரின் கொஞ்சம் நெடியா இருக்கிறதும் அதனால்தான். ராத்திரி முழுக்க நாம தண்ணி குடிக்கல, கிட்னி சிக்கனமா இருந்திருக்கு.

சாப்பாடும் மாத்திரையும்

அடுத்த பெரிய காரணம் நம்ம வாய். பூண்டு, வெங்காயம், காபி எல்லாத்திலும் இருக்கிற மணப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து, கிட்னி வழியா வெளியே வரும். வெளிநாட்டில் ஆஸ்பராகஸ் என்ற காய்கறி இதுக்குப் பேர்போனது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே கந்தக வாசனை வரும். இதில் வேடிக்கை, அந்த வாசனையை முகரும் திறன் எல்லாருக்கும் கிடையாது. அது மரபணு விஷயம்.

நம்ம ஊரில் இதுக்குச் சரியான உதாரணம் வெந்தயம். உடம்பு சூட்டுக்குன்னு அம்மா ஊறவெச்ச வெந்தயத்தை ரெண்டு ஸ்பூன் முழுங்கச் சொல்வாங்கல்ல? அதில் இருக்கிற சோட்டோலோன் என்ற பொருள் யூரினிலும் வேர்வையிலும் ஒரு இனிப்பு வாசனையைக் கொடுக்கும். சர்க்கரைப் பாகு காய்ச்சின மாதிரி இருக்கும். இந்தச் சோட்டோலோன் பின்னாடி இன்னொரு கதையிலும் வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா யூரின் பளிச்சுன்னு மஞ்சளாகும், கூடவே மருந்து வாசனையும் வரும். மஞ்சளுக்குக் காரணம் அதிலுள்ள ரிபோஃபிளேவின், அதாவது பி2. அமாக்ஸிசிலின் மாதிரி சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளாலும் வாசனை மாறும். ஜிம்முக்குப் போற நண்பர்கள் சோறு, இட்லியை எல்லாம் விட்டுட்டு கீட்டோ டயட்டில் இறங்கினா, உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன்களை உண்டாக்கும். அதில் ஒண்ணு அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. இந்த உணவு, மாத்திரை வாசனை எல்லாம் அதை நிறுத்தினா ஒன்றிரண்டு நாளில் போயிடும்.

கிட்னி வெறும் தபால்காரர்

வைத்தியர்கள் ரொம்ப காலமாவே சிறுநீரைப் பார்த்து நோய் சொல்லியிருக்காங்க. நம்ம சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறின்னு தனிப் பரிசோதனையே இருக்கு. நிறம், மணம், நுரை எல்லாம் பார்க்கிறது நீர்க்குறி. சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுதுன்னு பார்க்கிறது நெய்க்குறி. ஐரோப்பாவில் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரைப் பிடிச்சு வெளிச்சத்தில் பார்த்தாங்க. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1674ல் நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் தேன் மாதிரி இனிக்குதுன்னு எழுதினார். எப்படித் தெரியும்னு கேட்காதீங்க! 1776ல் மேத்யூ டாப்சன் அந்த இனிப்பு சர்க்கரைதான்னு சோதனை செய்து காட்டினார். நம்ம ஊரில் 'போன இடத்தில் எறும்பு மொய்க்குது'ன்னு பெரியவங்க சொல்றதும் இதே சர்க்கரைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, நீரிழிவில் கோளாறு கணையத்தில் சுரக்கிற இன்சுலினைச் சேர்ந்தது. ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராம் வாக்கில் தாண்டினா, கிட்னியால் முழுசையும் திருப்பி எடுக்க முடியாம வெளியே விடும். சேதி வேற இடத்திலிருந்து வருது, கிட்னி அதைக் கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரர்.

சர்க்கரைக்குன்னு தனியா பெரிய வாசனை கிடையாது. பழம் அழுகின மாதிரி இனிப்பு நெடி வந்தா அது கீட்டோன். டயட் எதுவும் இல்லாம, கடுமையான தாகம், அடிக்கடி யூரின், மளமளன்னு எடை குறைவு, வாந்தி, வயித்துவலி இதோட சேர்ந்து அந்த நெடி வந்தா அது அவசர நிலை. முதல் வகை நீரிழிவு நம்ம வயசிலும் தொடங்கும். பல பேருக்கு இப்படி மயங்கி விழுந்த பிறகுதான் தெரிய வருது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

வாசனையை வெச்சே ஒரு நோயைக் கண்டுபிடிச்ச கதையும் இருக்கு. 1934, நார்வே. ஒரு தாய்க்கு ரெண்டு பிள்ளைகள், ரெண்டு பேருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. ரெண்டு பேர் மேலயும் விடாம ஒரு பூஞ்சை வாசனை. எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தும் யாரும் அந்த வாசனையைப் பெருசா எடுத்துக்கல. கடைசியில் அஸ்ப்யோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் பிள்ளைகளின் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஃபெரிக் குளோரைடு விட்டார். கீட்டோனுக்காகச் செய்கிற வழக்கமான டெஸ்ட்தான். ஆனா எதிர்பார்த்த நிறம் வரல, பச்சையாச்சு. விடாம ஆராய்ந்து, அது ஃபீனைல்பைருவிக் அமிலம்னு கண்டுபிடிச்சார். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கிற என்சைம் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. இதுதான் பி.கே.யூ. என்கிற நோய். அந்தப் பிள்ளைகளைக் குணமாக்க முடியல. ஆனா இன்னைக்குப் பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிச்சு, உணவை மாத்தியே மூளையைக் காப்பாத்துறாங்க. அந்தத் தாய் வாசனை விஷயத்தை விடாம கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பிச்சது.

இதே மாதிரி இன்னொரு அரிய பிறவி நோயில் குழந்தையின் சிறுநீர் மேப்பிள் சிரப் மாதிரி மணக்கும். காரணம் அதே சோட்டோலோன்! பிரசவத்துக்கு முன்னாடி அம்மா வெந்தயம் நிறைய சாப்பிட்டதால் குழந்தையிடம் அந்த மணம் வந்து, இந்த நோயோன்னு டாக்டர்கள் சந்தேகப்பட்டதும் உண்டு. ஒரே வாசனை, ஒரு பக்கம் கொடிய நோய், இன்னொரு பக்கம் வெந்தயம். மூக்கை மட்டும் நம்பி முடிவு எடுக்கக் கூடாதுங்கிறதுக்கு இதை விட என்ன வேணும்?

உஷாராக வேண்டிய நாற்றம்

அப்போ நாற்றம்னாலே பயப்பட வேண்டாமா? ஒரு இடத்தில் கண்டிப்பா கவனிக்கணும். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று, அதாவது யூரினரி இன்ஃபெக்ஷன்.

இதில் பெரும்பாலும் குற்றவாளி இ.கோலை என்ற பாக்டீரியா. நம்ம குடலில் சாதுவா இருக்கும், இடம் மாறி சிறுநீர்ப்பைக்குப் போனா வம்பு பண்ணும். மீன் கவுச்சி மாதிரி வாசனை வர்றதுக்குக் காரணம் அது உண்டாக்குற ட்ரைமெத்தில்அமின். புரோட்டியஸ் மாதிரி வேற சில கிருமிகள் யூரியாவை உள்ளேயே அம்மோனியாவாக உடைக்கும். அப்போ யூரின் காரத்தன்மையாகி, ஒருவகைக் கல்லும் உருவாகலாம்.

நாற்றம் மட்டும் இருந்தா தொற்றுன்னு சொல்ல முடியாது. எரிச்சல், சொட்டுச் சொட்டாப் போறது, போயிட்டு வந்த உடனே மறுபடி போகணும்னு தோணுறது, கலங்கல், அடிவயித்து வலி, இதுங்க சேர்ந்து வந்தாதான் சந்தேகம் பலமாகும். இன்னொண்ணு, சில நேரம் வாசனை சிறுநீரிலிருந்தே வராது. பெண்களுக்கு வெள்ளைப்படுதலில் மீன் வாசனை வந்தா அது பிறப்புறுப்பில் வேற தொற்றா இருக்கலாம். அதுக்கு மருந்து வேற, பார்க்க வேண்டிய டாக்டரும் வேற.

எங்க கிளாஸில் ஒரு பொண்ணு. அவ சம்மதத்தோடதான் இதை எழுதுறேன், பேர் வேண்டாம்னு சொன்னா. எங்க பிளாக்கில் பெண்கள் கழிவறை ஒண்ணுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இன்னொண்ணில் பாதி நாள் தண்ணி வராது. அதனால காலைல எட்டரைக்கு வந்தா சாயங்காலம் நாலரைக்கு ஹாஸ்டல் போற வரைக்கும் அடக்கிக்கிட்டே இருப்பாளாம். போக வேண்டியிருக்கக் கூடாதுன்னு தண்ணியும் குடிக்க மாட்டாளாம். எரிச்சல் வந்து அஞ்சு நாள், நாற்றம் வந்து மூணு நாள், யார்கிட்டயும் சொல்லல. வார்டன்கிட்ட என்னன்னு சொல்றது? கூட இருந்த தோழி மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கா. கொஞ்சம் தேவலாம்னு விட்டுட்டாங்க. ஆறாவது நாள் லேபில் குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், ஒரு பக்க இடுப்புக்கு மேல முதுகுவலி, வாந்தி. ஆஸ்பத்திரியில் நாலு நாள். தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து மேலே ஏறி கிட்னிக்கே போயிருந்தது.

ஆண்களுக்கு மூத்திரக் குழாய் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்குப் பயண தூரம் கம்மி. அதனால்தான் பெண்களுக்கு இந்தத் தொற்று அதிகம். இதில் அசிங்கமோ ஒழுக்கமோ எதுவும் கிடையாது, வெறும் ஜாமெட்ரி. தண்ணி குடிச்சு அடிக்கடி போனா கிருமி ஒட்டுறதுக்கு முன்னாடியே கழுவிக்கிட்டுப் போயிடும். அடக்கி வெச்சா அது உள்ளேயே பெருகும்.

ஹெல்த் சென்டரில் பண்ற டிப்ஸ்டிக் டெஸ்ட் ஒரு சின்ன ஸ்ட்ரிப்தான். அதில் நைட்ரைட்டுன்னு ஒரு கட்டம் இருக்கும். இ.கோலை மாதிரி கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாத்தும், அப்போ அந்தக் கட்டம் நிறம் மாறும். பக்கத்தில் வெள்ளை அணுக்களுக்கு ஒரு கட்டம், புரதம், சர்க்கரை, ரத்தம், கீட்டோனுக்குத் தனித்தனிக் கட்டம். ரெண்டே நிமிஷம். தேவைப்பட்டா யூரின் கல்ச்சர் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடங்கும்னு பார்த்துக் கொடுப்பாங்க. கடையில் நாமளே ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டா கிருமி பாதி சாகும், மீதி மருந்துக்குப் பழகும். கல்ச்சரிலும் உண்மை தெரியாமப் போகலாம்.

மாமா சொன்ன பதில்

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன்.

மாமா சரக்கு வண்டி டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கப் போனப்போ பிபி எகிறி இருந்தது. டாக்டர் சந்தேகப்பட்டு ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். கிரியேட்டினின் 7. சாதாரணமா 1 வாக்கில் இருக்கணும். அதுக்குள்ள ரெண்டு கிட்னியும் பெரும்பாலும் வேலையை நிறுத்திடுச்சு. இப்போ வாரம் ரெண்டு நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

"மாமா, ஆரம்பத்துல யூரின் நாத்தம் ஏதாச்சும் அடிச்சுதா?"ன்னு கேட்டேன்.

"நாத்தமா? பச்சத்தண்ணி மாதிரி போச்சுடா. அதைப் பார்த்துத்தான் நமக்கென்ன, நல்லாத்தானே இருக்கோம்னு நெனச்சேன்."

நான் படிச்சதும் இதைத்தான் சொல்லுது. கிட்னி மெல்ல மெல்லப் பழுதாகும்போது முதலில் போற திறமைகளில் ஒண்ணு, சிறுநீரை அடர்த்தியாக்குற திறமை. தண்ணியைப் பிடிச்சு வைக்கத் தெரியாது, அப்படியே விட்டுடும். அதனால் யூரின் வெளிறி, வாசனை இல்லாமலே போகலாம். ராத்திரியில் ரெண்டு மூணு தடவை எழுந்து போக வேண்டி வரும். மாமாவும் எழுந்திருக்கார், வயசாகுதுன்னு விட்டுட்டார். சாயங்காலம் கால் வீங்கியிருக்கு, நாள் பூரா உட்கார்ந்து ஓட்டுறோமேன்னு விட்டுட்டார். யூரினில் சோப்பு மாதிரி நுரை வந்திருக்கு, அதை யார் பார்த்தா?

அந்த நுரை முக்கியம். வேகமாப் போகும்போது வர்ற குமிழி சீக்கிரம் உடைஞ்சுடும். தண்ணி ஊத்தியும் போகாத, தினமும் வர்ற நுரை, ஆல்புமின் என்ற புரதம் கிட்னி வடிகட்டியிலிருந்து ஒழுகுறதுக்கான அடையாளமா இருக்கலாம். நல்ல வடிகட்டி புரதத்தை விடாது. ஓட்டை விழுந்த வடிகட்டிதான் விடும்.

கிட்னியிடம் ஒரு பெரிய குணம், அதுவே ஒரு சிக்கலும்கூட. அதுக்கு ரிசர்வ் அதிகம். ஒரு கிட்னியைத் தானம் பண்ணிட்டு மத்ததை வெச்சு நல்லா வாழ்றவங்க எத்தனை பேர்! அதனால பாதி போனாலும் வெளியே தெரியாது. கடைசிக் கட்டத்தில் வாந்தி, அரிப்பு, களைப்பு எல்லாம் வரும். அப்போதான் வாசனையும் வரும், அதுவும் வாயில். யூரியா எச்சிலில் கலந்து, வாயிலேயே அம்மோனியாவாகி மூச்சில் அடிக்கும். அந்த வாசனை வர்ற வரைக்கும் காத்திருந்தா வண்டி டிப்போவுக்குப் போன மாதிரிதான்.

நீரிழிவும் ரத்த அழுத்தமும்தான் கிட்னி பழுதாகிறதுக்குப் பெரிய காரணங்கள். இது ரெண்டும் இல்லாமலும் வரலாம். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் விவசாயிகளுக்கும், மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுறவங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கு. காரணம் இன்னும் முடிவாகல. கடும் வெயிலில் தண்ணியில்லாம திரும்பத் திரும்ப வேலை செய்யறது, சந்தேகப்படுற காரணங்களில் ஒண்ணு.

நம்ம பண்ற தப்புகள்

டோர்னமென்ட் நாளில் வெயிலில் ஆடிட்டு, தண்ணி குடிக்காம, கால் வலிக்குதுன்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடறோம். உடம்பில் தண்ணி வத்தும்போது கிட்னிக்குப் போற ரத்தக் குழாயைத் திறந்து வைக்கிறது ப்ரோஸ்டாகிளான்டின் என்ற பொருள். இந்த வலி மாத்திரைகள் அதைத்தான் நிறுத்தும். எப்போவோ ஒண்ணு போடறதில் பிரச்சினை இல்லை. ஆனா காய்ஞ்ச உடம்பில், தினமும், டாக்டரைக் கேட்காம போடறது கிட்னி கழுத்தில் கால் வைக்கிற மாதிரி.

இதுக்கு எதிர்த் தப்பும் ஒண்ணு இருக்கு. சேலஞ்ச்னு ஒரே மூச்சில் நாலஞ்சு லிட்டர் தண்ணி குடிக்கிறது. கிட்னியால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர்தான் வெளியேத்த முடியும். அதுக்கு மேல போனா ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து. லிட்டர் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணா இருக்காது. தாகத்துக்குக் குடிங்க, யூரின் வெளிர் மஞ்சளா இருந்தா போதும். மாத்திரையோ நோயோ இல்லாம அடர் மஞ்சளாப் போனா கூட ரெண்டு டம்ளர்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

தண்ணி ஒழுங்கா குடிச்சு, சந்தேகப்படுற சாப்பாட்டையும் நிறுத்தி ரெண்டு மூணு நாள் பாருங்க (டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க). நாற்றம் போயிட்டா விஷயம் முடிஞ்சது. கீழே இருக்கிறது ஏதாவது இருந்தா காத்திருக்க வேண்டாம்:

- எரிச்சல், கலங்கல், அடிக்கடி போகணும்னு தோணுறது
- சிவப்பாவோ, பால் போடாத டீ நிறத்திலோ போறது
- நாள் கணக்கில் அடங்காத நுரை
- முகம், கால் வீக்கம்
- ராத்திரியில் புதுசா பல தடவை எழுந்து போறது
- இனிப்பு நெடியோட தாகம், எடை குறைவு

குளிர் காய்ச்சலோட முதுகுப்பக்க வலி, வாந்தியோட இனிப்பு நெடி, அல்லது யூரினே போகாம இருக்கிறது, இது மூணுக்கும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பணும்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பிபி, கிட்னி நோய் இருந்தா, நாற்றம் வந்தாலும் வராட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவை மூணு விஷயம் பாருங்க: பிபி, யூரினில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின். கிரியேட்டினினையும் வயசையும் வெச்சு இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கணக்குப் பண்ணுவாங்க. அது மூணு மாசத்துக்கு மேல 60க்குக் கீழ இருந்தா நாள்பட்ட கிட்னி நோய். 15க்குக் கீழ போனா கிட்னி செயலிழப்பு. அப்பா அம்மாவை இந்த லீவில் கூட்டிட்டுப் போய் எடுங்க. மாமாவுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி யாராவது இதைப் பண்ணியிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்.

என் ரூம்மேட் இப்போ ரெண்டு லிட்டர் பாட்டிலோட அலையறான். எங்க கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எச்.ஓ.டி.கிட்ட ஒரு லெட்டர் கொடுத்தாங்க. தாழ்ப்பாள் அடுத்த நாளே வந்துடுச்சு. தண்ணிக்கு இன்னும் ரெண்டாவது லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காங்க.

நானும் போன வாரம் என் ரத்தத்தைக் கொடுத்தேன். கிரியேட்டினின் 0.9. ரிப்போர்ட்டை மாமாவுக்கு அனுப்பினேன். டயாலிசிஸ் பெட்டிலிருந்தே பதில் போட்டார்: "அம்மாவுக்கும் எடுத்தியாடா?"

எடுக்கல. இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறேன்.